நான்கு வாரம் எடுக்காதவர்

திருப்பதியில் குடியிருப்பவர்களுக்கு உறவினர்களிடமிருந்து போன் வருவதே தரிசன டிக்கெட்டுக்காகத்தான். பதினான்கு வருடமாக இந்த ஊர்க் கொர்லகுண்டாவில் இருந்து நான் கற்றுக்கொண்ட பாடம் இது. புத்தூரில் இருக்கும் சித்தி மகனுக்கு இரண்டு வருடம் என் ஞாபகமே வராது. திடீரென்று ஒரு காலையில், "அக்கா, நல்லா கீறியா? உன் நெனப்பாவே இருந்துச்சுக்கா" என்று ஆரம்பிப்பான். மூன்றாவது வாக்கியத்தில் நான்கு பேருக்கு முந்நூறு ரூபாய் டிக்கெட் வந்து நிற்கும். நான் மருத்துவ உளவியலாளர், கோயில் ஊழியர் அல்ல என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. டிக்கெட் இல்லை என்றதும், "சரிக்கா, ஒடம்பப் பாத்துக்கோ" என்று வைத்துவிடுவான். என் உடம்புக்கு அடுத்த விசாரிப்பு அடுத்த புரட்டாசிக்கு.

அதனால் போன் மணி அடித்தாலே எனக்கு எரிச்சல்தான் வரும். இந்தக் கதையில் நான் செய்த காரியத்துக்கு அந்த எரிச்சலும் ஒரு காரணம் என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

நாற்பத்தைந்து வயதில் எனக்கு முனைவர் பட்ட ஆசை வந்தது. பகலில் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வேலை, மாலையில் ஆராய்ச்சி. வீட்டில் எனக்காகக் காத்திருக்க யாரும் இல்லை. விவாகரத்து ஆகிப் பதினோரு வருடம். ஆகவே நேரத்துக்குப் பஞ்சமில்லை. என் தலைப்பு, ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் தனிமை. ஆட்டிசம் என்றாலே எல்லோருக்கும் குழந்தைதான் கண்ணுக்குத் தெரியும். அந்தக் குழந்தைக்கு முப்பது வயதாகும், வேலைக்குப் போகும், வாடகை கட்டும், ஞாயிற்றுக்கிழமை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. "அவங்களுக்குத்தான் தனியா இருக்கறது புடிக்குமே மேடம்" என்று படித்தவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பிடித்துப் போய்த் தனியாக இருப்பது வேறு, ஆள் இல்லாமல் தனியாக இருப்பது வேறு. இந்த வித்தியாசம் புரிவதற்குப் பட்டம் தேவையில்லை.

சித்தூர், திருப்பதி இரண்டு பக்கத்திலிருந்தும் நாற்பது பேரைச் சேர்த்தேன். குலுக்கல் முறையில் இருபது பேருக்குத் திருப்பதியில் ஞாயிறுதோறும் வகுப்பு. புதியவரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது, எப்படி முடிப்பது, டீக்கடையில் நான்கு பேர் சிரித்துக்கொண்டிருந்தால் எப்படிப் போய்ச் சேர்ந்துகொள்வது, இப்படி. மீதி இருபது பேர் காத்திருப்போர் பட்டியல். அவர்களுக்கு ஆய்வு முழுவதும் முடிந்த பிறகுதான் வகுப்பு. ஆனால் நாற்பது பேருக்குமே வாரம் ஒரு முறை நான் போன் செய்து, தனிமை பற்றிய இருபது கேள்விகளைக் கேட்பேன். பதில் நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும். வகுப்புக்குப் போனவர்களின் தனிமை குறைகிறதா, போகாதவர்களுடையது அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பது. சுலபமான ஆராய்ச்சி என்று நினைத்துத்தான் இறங்கினேன்.

பரணி என் பட்டியலில் பதினேழாம் எண். பரணி என்பது உண்மைப் பெயர் அல்ல. இந்தக் கதையை எழுதலாமா என்று கேட்டபோது, பெயரை மாற்றினால் எழுதலாம் என்றார். படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் நேரத்தைத் திருத்தியும் கொடுத்தார்.

முப்பத்தொரு வயது. சத்தியவேடு பக்கத்து விவசாயக் குடும்பம். பி.எஸ்சி. முடித்துவிட்டு, சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் ஸ்டோர் பிரிவில் வேலை. கூழ் அடைத்த டிரம்களில் எண் ஒட்டிச் சரிபார்ப்பது. எட்டு வருடத்தில் ஒரு எண் தப்பியதில்லை என்று முதல் நாளே என்னிடம் சொன்னார், பெருமையாக அல்ல, தகவலாக. கூட வேலை செய்பவர்கள் யாரும் அவரைத் திட்டியதில்லை, அடித்ததில்லை. ஆனால் எதிரே வருபவர் மரியாதைக்கு, "எங்க போய்க்கினு கீற?" என்று கேட்டால், பரணி நின்று, எந்தப் பேருந்து, எங்கே ஏறி எங்கே இறங்குவது, திரும்பி வரும் நேரம் எல்லாம் சொல்வார். இரண்டு முறை கேட்டவர்கள் மூன்றாவது முறை கேட்பதில்லை. அப்படியே எட்டு வருடம் போயிருக்கிறது.

ஒப்புதல் படிவம் ஒன்பது பக்கம். மற்ற முப்பத்தொன்பது பேரும், இல்லாவிட்டால் அவர்கள் வீட்டாரும், கையெழுத்து எங்கே என்று மட்டும் கேட்டார்கள். பரணி நாற்பது நிமிடம் உட்கார்ந்து முழுவதையும் படித்தார். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினார். அங்கே நான் எழுதியிருந்தது இது: 'தொடர்ந்து நான்கு வாரம் அழைப்பை எடுக்காதவர் ஆய்விலிருந்து நீக்கப்படுவார். நீக்கப்பட்டவரை மீண்டும் சேர்க்க இயலாது. அவர் இடத்தில் வேறொருவர் சேர்க்கப்படலாம்.'

"நாலு வாரம்னா நாலு சனிக்கிழமையா, இருபத்தெட்டு நாளா மேடம்?"

"நாலு சனிக்கிழமை."

"வெயிட்டிங் லிஸ்ட்ல கீறவங்களுக்கு ஒண்ணுமே கெடையாதா?"

"வாரம் ஒரு போன் வரும்."

"அப்ப சரி" என்று கையெழுத்துப் போட்டார்.

அவரே கேட்டு வாங்கியிருந்த நேரம் சனிக்கிழமை மாலை நான்கு மணி. ஷிப்ட் முடியும் நேரம். நான்கு அடித்ததும் முதல் மணியிலேயே எடுப்பார். நான் கேள்வியைப் படிப்பேன். ஆராய்ச்சிக்காரர் ஆறுதல் சொல்லக் கூடாது, சிரிக்கக் கூடாது, சொந்தக் கதை பேசக் கூடாது. படிக்க வேண்டும், குறிக்க வேண்டும், அடுத்ததற்குப் போக வேண்டும். இந்தக் கறாருக்கு மற்றவர்கள் எல்லோரும் சங்கடப்பட்டார்கள். பரணி ஒருவருக்குத்தான் அது இதமாக இருந்தது. அடுத்து என்ன கேட்பார்கள் என்று தெரிந்த பேச்சு அவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கிடைத்திருக்கிறது. எனக்கு அது அப்போது தெரியவில்லை.

ஏழாவது கேள்வி, 'உங்கள் மனதில் இருப்பதைக் கேட்க யாராவது இருக்கிறார்களா?' முதல் மூன்று வாரம் 'ஒருபோதும் இல்லை' என்றார். நான்காவது வாரம் மாற்றிச் சொன்னார்.

"எப்போதாவது. சனிக்கிழமை நாலு மணியில இருந்து நாலு பதினெட்டு வரைக்கும்."

நான் 'எப்போதாவது' என்ற கட்டத்தில் குறி போட்டேன். மீதி வாக்கியத்தை எழுத என் தாளில் இடமில்லை. எட்டாவது கேள்விக்குப் போனேன். அதற்குப் பிறகு இருபது வாரமும் அவர் அதே பதிலைத்தான் சொன்னார், நானும் அதே குறியைத்தான் போட்டேன். இதை இப்போது எழுதும்போது என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

ஏப்ரல் கடைசியில் இருபத்து நான்காவது அழைப்பு. இருபது கேள்வியும் முடிந்தது. எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். "இத்துடன் முதல் கட்டம் முடிந்தது. இனி பன்னிரண்டு வாரத்துக்கு நான் அழைக்க மாட்டேன். அதன் பிறகு கடைசியாக ஒரு முறை அழைப்பேன்." வகுப்பின் பலன் நிலைக்கிறதா என்று பார்க்க அந்த இடைவெளி. அந்தப் பன்னிரண்டு வாரமும் நாற்பது பேரில் ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது எனக்கும் என் வழிகாட்டிக்கும் மட்டும் தெரிந்த விதி.

"நீங்க அழைக்க மாட்டீங்க. சரி" என்றார் பரணி. பிறகு, "மேடம், இந்த இருவது கேள்வியும் உங்கள யாரு கேக்கறாங்க?"

கேள்வி அத்தனை எதிர்பாராதது என்பதால் நான் விதியை மறந்து சிரித்துவிட்டேன். "என்னை யாரும் கேக்கறதில்ல பரணி."

"யாருமே கேக்கறதில்லையா?"

"இல்ல."

"சரி மேடம்" என்று வைத்துவிட்டார்.

மே மாதம் முதல் சனிக்கிழமை நான்கு மணிக்கு என் போன் அடித்தது. பதினேழாம் எண். எடுக்கக் கூடாது. மேசை மீது வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழுதாக அடித்து நின்றது. ஒரே ஒரு முறைதான். மறுபடி முயற்சி செய்யவில்லை. என் மனதில் முதலில் வந்த எண்ணம் இது: பழகியாகிவிட்டது அல்லவா, இவருக்கும் தரிசன டிக்கெட் வேண்டும் போலிருக்கிறது. அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். இரண்டாவது சனிக்கிழமையும் நான்கு மணி, ஒரே முறை. மூன்றாவதும். நான்காவது சனிக்கிழமை நான் மூன்றே முக்காலுக்கே டீ போட்டு வைத்துக்கொண்டு போனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அது அடித்து முடியும் வரை ஒரு வாய் கூடக் குடிக்கவில்லை.

இதற்கிடையில் கணக்குகள் வந்தன. வகுப்புக்குப் போனவர்களின் தனிமை நன்றாகக் குறைந்திருந்தது. வகுப்புக்கே போகாதவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்திருந்தது. என் வழிகாட்டி டாக்டர் நாகபூஷணம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெல்லூர்க்காரர், பேச்செல்லாம் தெலுங்குதான். வகுப்பால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்றுதானே இதற்கு அர்த்தம் என்று கேட்டார். எல்லோரையும் விட அதிகமாகக் குறைந்தது பதினேழாம் எண்ணுக்கு, அவர் வகுப்பின் வாசலையே மிதித்ததில்லை, இது எப்படி என்றும் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். இரண்டு வருட உழைப்பு பாழ் என்ற கோபம்தான் இருந்தது. குறைந்தது எதனால் என்று யோசிக்க வரவில்லை.

மே கடைசி சனிக்கிழமை. ஐந்தாவது. நான்கு மணி ஆனது. போன் அடிக்கவில்லை.

நான்கு ஐந்துக்கு சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். நான்கு பத்துக்கு மருத்துவமனை போனிலிருந்து என் எண்ணுக்கு நானே அடித்துப் பார்த்தேன். நன்றாக அடித்தது. அடிக்கிற போனுக்கு எரிச்சல்படுவது எனக்குப் பழக்கம். அடிக்காத போனை எடுத்து எடுத்துப் பார்ப்பது புதிது. அடுத்த சனிக்கிழமையும் அடிக்கவில்லை. நான்கு வாரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒரு மனிதன் சத்தமில்லாமல் நிறுத்திக்கொள்கிறான். என் வேலையில் இப்படிச் சத்தமில்லாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் திரும்பி வரவே இல்லை.

பங்கேற்பாளருக்கு ஆபத்து என்று தோன்றினால் வீட்டாரிடம் விசாரிக்கலாம். சூளூர்பேட்டையில் இருக்கும் பரணியின் அக்கா காஞ்சனாவுக்குப் போன் செய்தேன்.

"ஒண்ணாந்தேதி பேசினான் மேடம். மாசம் ஒண்ணாந்தேதி மட்டும்தான் பண்ணுவான், நைனா போனதுல இருந்து அப்படித்தான்" என்றாள். "நல்லாத்தான் கீறேன்னான். ஆனா ஒருத்தங்க எங்கூட பேசறதில்லன்னு ஆயிடுச்சு, எடுத்துட்டேன்னான். யாருடான்னு கேட்டேன். பேரு சொல்லக் கூடாது, ரகசியம்னான். இன்னா எடுத்தான், எங்கிருந்து எடுத்தான், ஒண்ணும் அர்த்தம் ஆகல மேடம். பொம்பளப் புள்ள எதனா பழக்கமாயி உட்டுட்டுப் போயிட்டாளோன்னு எனக்குப் பயமா கீது."

எனக்கு வேறு பயம். ஜூன் இரண்டாவது சனிக்கிழமை காலையிலேயே நாகபூஷணத்திடம் சொல்லாமல் சித்தூர் பேருந்தில் ஏறினேன். போகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று வரிசையாகத் தயார் செய்துகொண்டேன். பதற்றப்படுத்தாமல் ஆரம்பிப்பது, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்பது, தேவைப்பட்டால் கையோடு திருப்பதிக்கு அழைத்து வருவது. ஒருவரைக் காப்பாற்றப் போகிற ஆளுக்கு இருக்கும் மிடுக்கு என்னிடம் நன்றாகவே இருந்தது.

மாம்பழக் காலம் உச்சத்தில் இருந்தது. தொழிற்சாலை வாசலிலிருந்து நெடுஞ்சாலை வரைக்கும் தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நின்றன. இரண்டு நாளாகக் காத்திருக்கும் விவசாயிகள் டிரெய்லருக்கு அடியில் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். அழுகிய பழத்தின் நெடியும் ஈயும். வாசலில் எடை மேடைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதில் காவலாளி உடுப்பில் ஒரு பெரியவர், அறுபதை ஒட்டிய வயது. சட்டைப் பையில் துலுக்காணம் என்று பெயர் குத்தியிருந்தது. ஸ்டோர் பரணியைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"நாலு மணிக்கு வருவாரும்மா. இங்கதான் வருவாரு" என்றார். "வந்தா எங்கிட்டதான் மொதல்ல பேசுவாரு. அது முடிஞ்சாதான் மத்தது. நீ குந்து."

"உங்ககிட்ட என்ன பேசுவார்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அத சொல்லக் கூடாதும்மா. கையெழுத்து போட்டுக் குட்த்துக்கீறேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான்கு மணிக்குப் பரணி வந்தார். மெலியவில்லை. சவரம் செய்திருந்தார். சட்டை இஸ்திரி போட்டது. கையில் ஒரு பச்சைக் கோப்பு. என்னைப் பார்த்தார், ஆச்சரியம் எதுவும் காட்டவில்லை. நான் பேருந்தில் தயார் செய்த முதல் வாக்கியத்துக்கு வாயைத் திறந்தேன்.

"மேடம், இப்ப நாலு மணி. வெளியாள் கேக்கக் கூடாது. நீங்க அந்த டிராக்டருக்கு அந்தப் பக்கம் நில்லுங்க" என்றார்.

நின்றேன். வேறு என்ன செய்வது? ஜூன் மாத வெயிலில், பழ வண்டிக்குப் பின்னால், காப்பாற்ற வந்தவள் பதினெட்டு நிமிடம் நின்றேன். வார்த்தைகள் கேட்கவில்லை. ஆனால் பரணி தாளைப் பார்த்து ஏதோ படிப்பதும், துலுக்காணம் கண்ணை மூடி யோசித்துப் பதில் சொல்வதும், பரணி எழுதுவதும் தெரிந்தது. ஒரு இடத்தில் பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பரணி ஆறுதல் சொல்லவில்லை. துடைத்து முடிக்கும் வரை காத்திருந்து அடுத்ததைப் படித்தார். அந்த வரிசையை, அந்த இடைவெளியை எனக்குத் தெரியும். அது என்னுடையது.

நான்கு பதினெட்டுக்குப் பரணி என்னிடம் வந்தார்.

"நீங்க எடுக்கல மேடம்."

"எடுக்கக் கூடாதுன்னு விதி பரணி. பன்னெண்டு வாரம் பேசக் கூடாது."

"எந்தப் பக்கத்துல?"

"உங்களுக்குக் குடுத்ததுல இல்ல. எங்கிட்ட இருக்கற தாள்ல."

"எனக்குக் காட்டாத விதி எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள். மேலே 'பங்கேற்பாளர் 1' என்று இருந்தது. பெயர் இல்லை. அதற்குக் கீழே நான்கு தேதிகள், நான்கும் மே மாதச் சனிக்கிழமைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'மாலை 4.00, எடுக்கவில்லை'. கடைசியில் சிவப்பு மையில் ஒரு கோடு. 'நீக்கப்பட்டார்.'

"உங்கள யாரும் கேக்கறதில்லன்னு சொன்னீங்க. அதான் நான் கேக்கலாம்னு ஆரம்பிச்சேன். நாலு வாரம் பாத்தேன். அப்புறம் பக்கம் மூணுல எழுதிக்கீற மாதிரி வேற ஆள சேத்துக்கினேன்" என்று கொட்டகைப் பக்கம் காட்டினார். "அவருக்கும் சம்சாரம் செத்துப்போயி ஆறு வருஷமா யாரும் கேக்கறதில்ல. மூணு வாரமா ஒரு தடவ கூட தப்பல."

நான் அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு சனிக்கிழமை அடிக்கும் போனைப் பார்த்துக்கொண்டு, இவருக்கு நான் வேண்டும் என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். எனக்குத்தான் அவர் வேண்டும் என்று நினைத்து அவர் கூப்பிட்டிருக்கிறார். இந்த ஊர்ப் பக்கத்தில் டிக்கெட் எதுவும் கேட்காமல் என்னைப் பற்றிக் கேட்பதற்கென்றே ஒருவர் போன் செய்தார். அந்த ஒரு போனைத்தான் நான் எடுக்கவில்லை.

வகுப்புக்குப் போகாதவர்களுக்கு ஏன் தனிமை குறைந்தது என்பதும் அங்கே, அந்த ஈக்களுக்கு நடுவில்தான் எனக்கு உறைத்தது. அவர்கள் காத்திருந்தார்கள், வாரம் ஒரு போன் வந்தது. அவ்வளவுதான். அந்தப் போனை வெறும் அளவுகோல் என்று நினைத்து நான் நீட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னைத் திரும்பச் சேத்துக்கங்க பரணி" என்றேன்.

"நீக்கினவங்கள மறுபடி சேக்க முடியாது மேடம். நீங்க எழுதினதுதான்."

"நான் தப்பா எழுதிட்டேன்."

"அப்ப அந்த விதியில நீக்கின மத்தவங்களையும் நீங்க திரும்ப சேத்தீங்களா?"

சேர்க்கவில்லை. ஒன்பதாம் எண்ணும் முப்பத்திரண்டாம் எண்ணும் நான்கு வாரம் எடுக்கவில்லை என்று நீக்கப்பட்டவர்கள். ஏன் எடுக்கவில்லை என்று நான் போய்ப் பார்க்கவும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் அல்ல, மூன்றாம் பக்கத்தை எழுதிய அந்தப் பெண்மணி மேல்.

"எனக்குப் போன் பண்றவங்க எல்லாம் தரிசன டிக்கெட்டுக்குத்தான் பண்றாங்க பரணி" என்றேன். சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வந்துவிட்டது. "டிக்கெட் இல்லன்னா வெச்சுடுவாங்க. வேற யாரும் பண்றதில்ல."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோப்பின் தாள்களைப் புரட்டினார். தான் எழுதிய படிவத்தை மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தார். ஒரு டிராக்டர் எடை மேடை ஏறி இறங்கும் வரை படித்தார்.

"ஆய்வுல திரும்ப சேக்கக் கூடாதுன்னுதான் கீது. வெயிட்டிங் லிஸ்ட்ல போடக் கூடாதுன்னு எழுதல."

"வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்தா என்ன கெடைக்கும்?" என்று கேட்டேன். பதில் தெரிந்துதான் கேட்டேன்.

"வாரம் ஒரு போன் வரும்."

கையால் எழுதிய நான்கு பக்கப் படிவத்தை நீட்டினார். கையெழுத்து எங்கே என்று கேட்க வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டு, துலுக்காணத்தின் ஸ்டூலில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். நான்கு மணி அவருக்கு ஒதுக்கியாகிவிட்டது என்பதால் எனக்கு நான்கரை. பெரியவர் எங்கிருந்தோ இரண்டு மாம்பழம் கொண்டுவந்து, "துன்னும்மா" என்று மடியில் வைத்தார்.

திங்கட்கிழமை நாகபூஷணத்திடம் நடந்ததைச் சொல்லி, பதினேழாம் எண்ணின் முடிவுகளை ஆய்விலிருந்து எடுத்துவிட்டேன். விதியை மீறியது நான், அதனால் வேறு வழியில்லை. இருந்ததிலேயே நல்ல முடிவை எடுத்து எறிகிறாயே என்று தலையில் கை வைத்தார். ஒன்பதையும் முப்பத்திரண்டையும் தேடிப் போகிறேன் என்றும், தலைப்பை மாற்றப் போகிறேன் என்றும் சொன்னேன். இன்னும் ஒரு வருடம் ஆகும் என்றார். ஆகட்டும் என்றேன்.

அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கே புத்தூர்த் தம்பி அழைத்தான். ஆறு பேருக்கு வேண்டுமாம். நான்கரைக்கு எனக்கு ஒரு போன் வரும், வைக்கிறேன் என்றேன். "யாருக்கா?" என்று கேட்டான், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. ரகசியம் என்றேன்.

நான்கரைக்கு அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

பரணி வணக்கம் சொல்லவில்லை, நலம் விசாரிக்கவில்லை. முதல் கேள்வியைப் படித்தார். 'இந்த வாரம் பேச ஆள் இல்லை என்று தோன்றியதா?' நான் எழுதிய வாக்கியம்தான். நூற்றுக்கணக்கான முறை நான் படித்ததுதான். அது எத்தனை பெரிய கேள்வி என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. 'எப்போதாவது' என்று சொல்லி மரியாதையாகத் தப்பிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

"எப்போதும்" என்றேன்.

மறுமுனையில் பேனா ஓடும் சத்தம். "ரெண்டாவது கேள்வி" என்றார்.

யாரும் பரிதாபப்படவில்லை, யாரும் புத்தி சொல்லவில்லை. ஒவ்வொன்றாகப் பதில் சொல்லச் சொல்ல, பதினோரு வருடத்துக் கனம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது எனக்கே தெரிந்தது. ஏழாவது கேள்வி வந்தது. உங்கள் மனதில் இருப்பதைக் கேட்க யாராவது இருக்கிறார்களா?

"எப்போதாவது" என்றேன்.

எட்டாவதுக்குப் போவார் என்று காத்திருந்தேன். போகவில்லை.

"எப்ப மேடம்?"

"அது தாள்ல இல்லையே பரணி."

"உங்க தாள்ல இல்ல. என் தாள்ல ஒரு கட்டம் அதிகமா கீது, சொல்றத முழுசா எழுதறதுக்கு."

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் காத்திருந்தார்.

"சனிக்கிழமை" என்றேன். "நாலரை மணியில இருந்து."

"எது வரைக்கும்னு முடிஞ்சப்புறம் எழுதிக்கறேன்" என்றார் பரணி. "எட்டாவது கேள்வி."